அரசு அலுவலகங்களுக்குள் ஒரு சட்டம்

1950இல் இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, உடல் குறை உள்ளவர்களைப் பற்றிய பேச்சு அதில் முக்கியமாக இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று 41ஆவது பிரிவு. வேலையின்மை, முதுமை, நோய், உடல் குறை ஆகிய நிலைகளில் அரசு தன் பொருளாதார வல்லமைக்கு உட்பட்டு உதவ வேண்டும் என்றது அது. இன்னொன்று ஏழாம் அட்டவணை. அதில் உடல் குறை உள்ளவர்களுக்கான நிவாரணம் மாநிலப் பட்டியலின் 9ஆம் இனமாக வைக்கப்பட்டது. சாதி, மதம், பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்ற 15, 16ஆம் பிரிவுகளில் உடல் குறை இடம்பெறவில்லை. வெள்ள நிவாரணம், வறட்சி நிவாரணம் போல இதுவும் ஒரு நிவாரணம். கையில் பணம் இருந்தால் கொடுக்கலாம் என்பதே அன்றைய நினைப்பு. "பொருளாதார வல்லமைக்கு உட்பட்டு" என்ற அந்தச் சொற்றொடர் பின்னாளில் எங்கெங்கே தலைகாட்டியது என்று தேடிப் போனால், இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமை பட்ட பாட்டின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

வேலை ஒதுக்கீடு சட்டமாக வரவில்லை, நிர்வாக ஆணையாகத்தான் முதலில் வந்தது. 1977இல் மத்திய அரசு தன் சி, டி பிரிவுப் பணிகளில் 3 சதவீதத்தை ஒதுக்கியது. பார்வையற்றோர், செவித்திறன் குறைந்தோர், கை கால் இயக்கக் குறை உடையோர் ஆகிய மூவகையினருக்கும் ஆளுக்கு 1 சதவீதம். சி, டி என்றால் எழுத்தரும் கடைநிலை ஊழியரும். ஏ, பி பிரிவு அதிகாரிப் பணிகளில் ஒதுக்கீடு ஏதும் இல்லை. 1986இல் ஒரு குழுவின் பரிந்துரைப்படி, அந்த மேல் பிரிவுகளில் 416 வகைப் பணியிடங்கள் மாற்றுத்திறனாளிகள் செய்யத் தக்கவை என்று பட்டியலிடப்பட்டன. பட்டியல் இருந்தாலும் அந்தப் பணியிடங்களுக்கான தேர்வை எழுத வழியில்லை. பார்வையற்றவர் பிரெயிலில் எழுதவோ, தாம் சொல்வதைக் கேட்டு எழுதும் ஒருவரை வைத்துக்கொள்ளவோ மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் அனுமதிக்கவில்லை. பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. தக்கவை என்று அரசே அறிவித்த பணியிடங்களுக்கான தேர்வில் அவர்களை அனுமதிக்க வேண்டும் என்று 1993 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கூட்டமைப்பின் எஸ்.கே. ருங்டா பார்வையற்ற வழக்கறிஞர். அடுத்த இருபது ஆண்டுகளில் அவர் பெயர் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும்.

மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் நாடு முழுவதற்கும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, பன்னாட்டு உடன்பாடு ஒன்று வழி திறந்தது. 1992 டிசம்பர் தொடக்கத்தில் பெய்ஜிங்கில் கூடிய ஆசிய பசிபிக் நாடுகள், மாற்றுத்திறனாளிகளின் முழுப் பங்கேற்பையும் சமத்துவத்தையும் அறிவிக்கும் பிரகடனம் ஒன்றை ஏற்றன. இந்தியாவும் கையொப்பமிட்டது. பன்னாட்டு உடன்பாட்டை நிறைவேற்ற எந்தப் பொருளிலும் நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்கிறது அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு. அந்த அதிகாரத்தைக் கொண்டு, 1995 டிசம்பரில், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் டெல்லித் தெருக்களில் இறங்கிக் குரல் கொடுத்த பின்னர், சட்டம் நிறைவேறியது. 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்தது. 'சம வாய்ப்பு, உரிமைப் பாதுகாப்பு, முழுப் பங்கேற்பு' என்று அதன் தலைப்பிலேயே மூன்று வாக்குறுதிகள் இருந்தன.

ஏழு வகைக் குறைகளை அந்தச் சட்டம் ஏற்றது. அரசு மருத்துவர் 40 சதவீதத்துக்குக் குறையாமல் சான்று தந்தவரே அதன் பயனுக்கு உரியவர். அதன் 32ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கத்தக்க பணியிடங்களை அரசுகள் கண்டறிய வேண்டும் என்றது. 33ஆம் பிரிவு ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் 3 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்றது. இம்முறை ஏ, பி பிரிவுகளுக்கு விலக்கு இல்லை. ஆனால் ஒரு துறையின் பணித்தன்மையைக் கருதி அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம் என்று அதே பிரிவின் அடியில் ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தது. பேருந்து, சாலை, கட்டடம் பற்றிய 44 முதல் 46 வரையான பிரிவுகளில் பழைய சொற்றொடர் திரும்ப வந்தது: சாய்தளமும் ஒலிக்குறியுள்ள போக்குவரத்து விளக்கும் பொருளாதார வல்லமைக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டே. சட்டத்தை மீறும் அதிகாரிக்குத் தண்டனை எதுவும் இல்லை. சட்டத்தில் இருந்த ஒரே தண்டனைப் பிரிவு, மாற்றுத்திறனாளி என்று பொய் சொல்லிச் சலுகை பெறுபவரைச் சிறைக்கு அனுப்புவது. சட்டம் எழுதியவர்கள் யாரை நம்பினார்கள், யாரைச் சந்தேகித்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சட்டத்தைக் கண்காணிக்க மத்தியில் தலைமை ஆணையரும் மாநிலங்களில் ஆணையர்களும் வந்தனர். தலைமை ஆணையர் அலுவலகம் 1998இல்தான் இயங்கத் தொடங்கியது. ஆணையர் மனுக்களை விசாரிக்கலாம், சாட்சியை அழைக்கலாம், துறைக்கு எடுத்துச் சொல்லலாம். ஓர் உத்தரவை நிறுத்திவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று 2010இல் பாட்டியாலா ஸ்டேட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் வேறொரு துறையின் அதிகாரி கூடுதல் பொறுப்பாகவே ஆணையர் வேலையையும் பார்த்து வந்தார். அரசின் ஊழியரே அரசை விசாரிக்கும் ஏற்பாடு அது.

வேலை ஒதுக்கீட்டின் கதை கணக்கின் கதை. 3 சதவீதம் என்றால் எதில் 3 சதவீதம்? சட்டத்தில் இருந்தது 'ஒவ்வொரு நிறுவனத்திலும்' என்ற சொல். மத்தியப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2005 டிசம்பர் 29 தேதியிட்ட குறிப்பாணையில் வேறொரு பொருளைக் கண்டது. சி, டி பிரிவுகளில் மொத்தக் காலியிடங்களில் 3 சதவீதம். ஏ, பி பிரிவுகளில் தக்கவை என்று கண்டறியப்பட்ட பணியிடங்களின் காலியிடங்களில் மட்டும் 3 சதவீதம். வித்தியாசம் சிறிதல்ல. ஒரு துறையில் அதிகாரிக் காலியிடங்கள் 1,000 என்றும், அவற்றில் தக்கவை என்று பட்டியலில் ஏறியவை 100 என்றும் கொண்டால், ஒதுக்கீடு 30 இடங்களிலிருந்து 3 இடங்களுக்குச் சுருங்கிவிடும். பட்டியலைச் சுருக்கினால் ஒதுக்கீடும் தானே சுருங்கும். பட்டியலோ அரசின் கையில். 1995 சட்டத்தின்கீழ் முதல் விரிவான பட்டியல் வெளிவந்ததே 2001 மே மாதம்தான். சட்டம் வந்து ஐந்தாண்டு கழிந்திருந்தது.

அதே குறிப்பாணை சுழற்சிப் பதிவேட்டு முறையையும் வகுத்தது. ஒவ்வொரு நிறுவனமும் நூறு வரிசைகள் கொண்ட பதிவேடு ஒன்று வைக்க வேண்டும். அதில் 1, 34, 67 ஆகிய வரிசைகள் மாற்றுத்திறனாளிகளுக்கு. முதல் வரிசைக்குரிய பணி தகாததாக இருந்தால் 2 முதல் 33 வரை உள்ள ஏதேனும் ஒன்றில் ஈடுகட்ட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆண்டுக்குச் செல்லும். அப்போதும் கிடைக்காவிட்டால் மூவகையினருக்குள் மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகே பிறருக்குத் தரலாம். தாளில் இது நேர்த்தியான முறை. ஆனால் பதிவேட்டை ஒழுங்காக எழுதினால்தான் எத்தனை இடம் பின்தங்கிக் கிடக்கிறது என்பது வெளியே தெரியும். தமிழ்நாட்டில் 'பின்னடைவுப் பணியிடங்கள்' என்ற சொல் ஒவ்வொரு ஆர்ப்பாட்டத்திலும் ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். பட்டம் முடித்த பார்வையற்ற இளைஞர்கள் சென்னைச் சாலைகளில் உட்கார்ந்து கேட்டதும் பெரும்பாலும் புதிய சலுகையை அல்ல, பழைய பாக்கியை.

இரண்டு வழக்குகள் இந்தக் கணக்கை நேர்செய்தன. ஒன்று, 2006ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் வென்றும் பணி கிடைக்காத பார்வையற்ற ஒருவருடையது. ரவி பிரகாஷ் குப்தா வழக்கு என்று சட்ட ஏடுகளில் அறியப்படுவது. பணியிடங்களைக் கண்டறிந்த பிறகே ஒதுக்கீடு தொடங்கும் என்பது அரசின் வாதம். கண்டறியாமல் காலம் கடத்தியது அரசின் குற்றம், அதன் பலனை அரசே அனுபவிக்க முடியாது என்னும் பொருளில் 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஒதுக்கீடு 1996 முதலே கணக்கில் சேரும் என்றது. மற்றொன்று பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பின் பொதுநல வழக்கு. அதில் 2008 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் கூட்டமைப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. கூட்டமைப்புக்காக ருங்டா வாதிட்டார்.

2013 அக்டோபர் 8 அன்று அன்றைய தலைமை நீதிபதி ப. சதாசிவம் எழுதிய தீர்ப்பு, மொத்தக் காலியிடங்களே ஒதுக்கீட்டுக்கு அடிப்படை என்று நான்கு பிரிவுகளுக்கும் பொதுவாக அறிவித்தது. கண்டறியப்பட்ட பட்டியல், யாரை எந்த நாற்காலியில் அமர்த்துவது என்பதற்கு மட்டுமே; எத்தனை நாற்காலி என்பதை அது தீர்மானிக்காது. மொத்த ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற மண்டல் வழக்கு வரம்பும் இதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பு சொன்னது. மூன்று மாதத்துக்குள் குறிப்பாணையைத் திருத்தக் கெடு விதித்தது. டிசம்பர் 3 அன்று, மாற்றுத்திறனாளிகள் நாளிலேயே, திருத்தம் வந்தது. தெளிவாக எழுதப்பட்ட ஒரு பிரிவின் பொருளை நிலைநாட்டப் பதினேழு ஆண்டுகள் ஆயின. அப்பதினேழு ஆண்டுகளில் வயது வரம்பைத் தாண்டியவர்களுக்குத் தீர்ப்பால் என்ன பயன் என்ற கேள்விக்கு எந்தக் குறிப்பாணையிலும் விடை இல்லை.

சட்டத்தின் 47ஆம் பிரிவு ஒப்பீட்டளவில் சத்தமின்றிப் பெரிய வேலை செய்தது. பணியில் இருக்கும்போது உடல் குறை ஏற்பட்ட ஊழியரை நீக்கவோ தரம் இறக்கவோ கூடாது; அந்தப் பணியைச் செய்ய இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்பது அதன் சாரம். கால் துண்டிக்கப்பட்ட காவலர் ஒருவரை ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது செல்லாது என்று 2003இல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. விபத்தில் கால் இழந்த பேருந்து ஓட்டுநர் பணிமனையில் வேறு வேலை கேட்கும் உரிமை இந்தப் பிரிவிலிருந்து பிறந்ததே.

கட்டடமும் பேருந்தும் சாலையும் இன்னும் மெல்ல நகர்ந்தன. பொது இடங்களை அணுகத்தக்கவையாக மாற்றக் கோரி, பார்வைக் குறையுள்ள ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் விரிவான ஆணை 2017 டிசம்பர் 15 அன்றுதான் வந்தது. இடையில் 2015 டிசம்பர் 3 அன்று மத்திய அரசு 'சுகம்ய பாரத்' இயக்கத்தைத் தொடங்கி, 50 நகரங்களின் முக்கிய அரசுக் கட்டடங்கள், பன்னாட்டு விமான நிலையங்கள், பெரிய ரயில் நிலையங்கள், அரசு இணையதளங்கள் எனக் குறிக்கோள்களை அறிவித்தது. கெடு நாட்கள் பலமுறை தள்ளிப்போயின. சாய்தளம் கட்டுவது எளிய வேலைபோல் தோன்றும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற சரிவில் கட்டினால்தான் சக்கர நாற்காலியில் இருப்பவர் தாமாக ஏற முடியும். மூன்று படிக்கட்டுகளை மூடிச் சிமெண்டைச் செங்குத்தாகப் பூசிவிட்டு 'சாய்தளம் உண்டு' என்று அறிக்கையில் எழுதிய அலுவலகங்கள் நாட்டில் ஏராளம். அளவு சொல்லாத ஆணை இப்படித்தான் நிறைவேறும்.

இதற்கிடையே 2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையை ஏற்க, 2007 அக்டோபர் 1 அன்று இந்தியா அதற்கு ஏற்புறுதி அளித்தது. உடல் குறையைவிடச் சூழலின் தடைகளே பிரச்சினை, அரசு கொடுக்க வேண்டியது நிவாரணம் அல்ல உரிமை என்ற அந்த உடன்படிக்கையின் பார்வைக்கு 1995 சட்டம் பொருந்தவில்லை. சுதா கௌல் தலைமையிலான குழு 2011இல் புதிய வரைவைத் தந்தது. 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையில் வைக்கப்பட்ட மசோதா அந்த வரைவைவிட நீர்த்திருந்ததால் சில அமைப்புகளே அதை எதிர்த்தன. திருத்தங்களுக்குப் பின் 2016 டிசம்பரில் இரு அவைகளும் அதை நிறைவேற்றின. 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது.

2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகையை இருபத்தொன்றாக விரித்தது. தசைச் சிதைவு, ஆட்டிசம், தலசீமியா, அமில வீச்சில் பாதிக்கப்பட்டோர் எல்லாம் உள்ளே வந்தனர். வேலை ஒதுக்கீடு 4 சதவீதம் ஆனது. நான்காவது சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உடையோருக்கு. பதிவேட்டு வரிசைகள் 1, 26, 51, 76 என மாறின. ஒவ்வொரு அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். ஆணையரின் பரிந்துரைக்குத் துறை மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் எழுத வேண்டும். சட்டத்தை மீறுவோருக்கு முதன்முறையாக அபராதமும் வந்தது: முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுக்குள், ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் அணுகத்தக்கவையாக்க வேண்டும் என்றது 45ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூன் 15 அன்று வந்தன. 2022 ஜூனில் அந்தக் கெடு முடிந்தது, கட்டடங்கள் முடியவில்லை.

புதிய சட்டத்திலும் பழைய ஓட்டைகள் வேறு உருவில் இருந்தன. 15ஆவது விதி, கட்டடம், பேருந்து, இணையதளம் ஆகியவற்றுக்கு வெவ்வேறு அமைச்சகங்கள் வெளியிட்டிருந்த வழிகாட்டுதல்களையே தர அளவாகச் சுட்டிவிட்டு நின்றது. அவ்வழிகாட்டுதல்களின் நடை 'செய்யலாம்', 'செய்வது நல்லது' என்பது. 'செய்தாக வேண்டும்' என்ற சட்டத்தை 'செய்யலாம்' என்ற விதி விழுங்கிவிட்டது. அதே ரதூரி வழக்கில், ஐதராபாத் நல்சார் பல்கலைக்கழகத்தின் ஆய்வறிக்கையைப் பெற்ற உச்ச நீதிமன்றம், 2024 நவம்பர் 8 அன்று அந்த விதி மூலச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. பேரம்பேச இடமில்லாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே பிரித்து, மூன்று மாதத்தில் புதிய விதிகள் வகுக்க ஆணையிட்டது.

விலக்கு அதிகாரமும் அப்படியே. 2021இல் மத்திய அரசு 3,566 பணியிடங்களைக் கொண்ட புதிய பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியக் காவல் பணி, ரயில்வே பாதுகாப்புப் படைப் பணி, மத்திய ஆயுதக் காவல் படைகளின் போர்ப்பிரிவுப் பணிகள் ஆகியவற்றை ஒதுக்கீட்டிலிருந்து மொத்தமாக விலக்கியது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையாக, காவல் பணி உள்ளிட்டவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பிக்க அனுமதித்தது. காவல்துறையில் கணக்கு, சைபர் குற்றம், தடய ஆய்வு என்று நாற்காலி வேலைகள் எத்தனையோ இருக்க, ஒரு பணி முழுவதையும் ஒரே அறிவிக்கையில் மூடியது சோம்பேறித்தனமான முடிவு.

தமிழ்நாட்டு நீதித்துறைத் தேர்வு ஒன்று இந்தப் பட்டியல் மனப்பான்மையின் எல்லையைக் காட்டியது. உரிமையியல் நீதிபதி பதவிக்குப் பார்வைக் குறை 40 முதல் 50 சதவீதம் வரை உள்ளவர்களே தகுதியுடையவர்கள் என்று மாநில அரசு வரம்பிட்டிருந்தது. 40க்குக் கீழே இருந்தால் சட்டப்படி மாற்றுத்திறனாளி அல்ல. 50க்கு மேலே இருந்தால் நீதிபதியாகத் தகுதி இல்லை. நடுவில் இருந்தது பத்துப் புள்ளி இடைவெளி. 70 சதவீதக் குறையுள்ள வழக்கறிஞர் ஒருவர் அதை எதிர்த்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரம்பை ஏற்றது. 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இழுக்கும் நோயுள்ள ஒருவருக்குத் தேர்வில் உதவி எழுத்தர் தரச் சொன்ன விகாஷ் குமார் வழக்கில், மூன்று நீதிபதிகள் அமர்வு 2019 தீர்ப்பு சரியான சட்டம் அல்ல என்றது. ஒருவரால் முடியுமா என்று கேட்கும் முன், அவருக்குத் தக்க வசதி செய்துகொடுத்தால் முடியுமா என்று கேட்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர், பார்வைக் குறையை மட்டும் காரணமாக்கி நீதித்துறைப் பணியை மறுக்க முடியாது என்று மத்தியப் பிரதேச விதி ஒன்றை நீக்கினர். சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன், முழுமையாகப் பார்வையற்ற முதல் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரியாக 2015இலேயே பொறுப்பேற்றிருந்தார். வெளிநாடுகளில் நாட்டின் பிரதிநிதியாகலாம், உள்ளூரில் நீதிபதியாக முடியாது என்ற நிலை சில இடங்களில் பத்தாண்டு நீடித்தது.

தமிழ்நாடு நிர்வாக அமைப்பில் பல மாநிலங்களுக்கு முந்தியது. மத்திய அரசில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனித்துறை 2012இல் வந்தபோது, இங்கே 2010இலேயே வந்துவிட்டிருந்தது. ஆனால் தனித்துறை இருந்தால் மற்றத் துறைகள் கைகழுவிவிடும் ஆபத்தும் உண்டு. பேருந்து போக்குவரத்துத் துறையுடையது, நடைபாதை மாநகராட்சியுடையது, பள்ளி கல்வித்துறையுடையது. சக்கர நாற்காலி வழங்கும் துறை இவற்றில் எதற்கும் உத்தரவிட முடியாது. சென்னையில் தாழ்தளப் பேருந்துகளுக்காக மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் உயர் நீதிமன்றத்தில் போராட நேர்ந்தது அதனால்தான். 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மெரினா மணலில் கடல்வரை செல்லும் மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சீரமைக்கப்பட்டது.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய இரு மசோதாக்கள், நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் மூன்றடுக்கு ஊராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்தன. அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், நியமனம் பெறுபவர்கள். இருந்தாலும் தெருவின் அகலத்தையும் பொதுக் கழிப்பறையின் வாசலையும் முடிவுசெய்யும் கூட்டத்தில் அவர்களுக்கும் இனி ஓர் இருக்கை சட்டப்படி உண்டு.